பாலைக் குன்றுகளில் ஒரு பகல்

மணல் பாதையில் இறங்கும் முன் டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறையுங்கள். தார்ச்சாலை ஏறுமுன் கம்ப்ரஸரால் நிரப்பிவிட வேண்டும். குறைந்த காற்றில் வேகமெடுத்தால் டயர் சூடேறிக் கிழியும். சக்கரம் வெறுமனே சுழன்றால் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுங்கள், மிதிக்க மிதிக்கப் புதையும். வறண்ட ஓடையில் வண்டியை நிறுத்தாதீர்கள். எங்கோ பெய்த மழை அங்கே வெள்ளமாக வரும்.

தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர் முதுகில், அதே அளவு வண்டியில்.

வண்டியை விட்டு நடந்து குன்றில் ஏறுவது எளிது, எல்லா முகடும் (குன்றின் முதுகுபோல் நீளும் மேடு) உச்சியில்தான் சேரும். இறங்கும்போதுதான் வம்பு: அதே முகடுகள் கிளைபிரியும், தவறானதைப் பிடித்தால் வேறு பள்ளத்தாக்கில் போய் நிற்பீர்கள். ஏறும்போதே ஒவ்வொரு பிரிவிலும் திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுங்கள். வண்டி நிற்கும் இடத்தை ஜி.பி.எஸ்.ஸில் குறித்துவைப்பது கட்டாயம்.