லெஸ் எய்ஸி: குகை ஓவியமும் வெசேர் ஆறும்

பிரான்சின் தொர்தோஞ் பகுதியில் வெசேர் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர் லெஸ் எய்ஸி. 1868இல் குரோ-மான்யோன் என்று அழைக்கப்படும் ஆதி மனிதரின் எலும்புகள் கிடைத்தது இங்கேதான். போனால் முதலில், ஆதி மனிதர் வரைந்த ஓவியங்கள் இருக்கும் ஃபோன் த கோம் குகைக்குச் சீட்டு வாங்கிவிடுங்கள், ஏனென்றால் ஒரு நாளைக்குக் கொஞ்சம் பேரைத்தான் உள்ளே விடுவார்கள், கோடையில் சட்டென்று தீர்ந்துவிடும். இதே பகுதியில் இருக்கும் புகழ்பெற்ற ஓவியக் குகையான லாஸ்கோவின் அசலை 1963லேயே மூடிவிட்டார்கள், மோன்தின்யாக் ஊரில் பார்ப்பது நகல்தான். ஃபோன் த கோமில் அசல் ஓவியங்களையே பார்க்கலாம். ஒரு கலைமான் குனிந்து இன்னொன்றின் நெற்றியை நக்குகிற ஓவியத்தைத் தவறவிடாதீர்கள். வழிகாட்டி டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கும்போது காட்டெருமையின் முதுகு பாறைப் புடைப்போடு சேர்ந்து எழும்பும், அந்த நிமிடத்துக்காகவே இவ்வளவு தூரம் வரலாம். உள்ளே குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். படம் எடுக்கக் கூடாது.

அப்புறம், ரயில் இந்த ஊர் வரைக்கும் வருகிறது, ஆனால் சுற்றியுள்ள இடங்களுக்குக் கார் இருந்தால்தான் சரிப்படும். லா ரோக் சேன் கிறிஸ்தோஃப் என்ற, சுமார் ஒரு கிலோமீட்டர் நீளப் பாறைச்சுவர்க் குடியிருப்புக்குக் காலையிலேயே போய்விட்டு, மதியம் வெசேரில் வாடகைப் படகு எடுங்கள். கோடையில் ஆறு அமைதியாகத்தான் ஓடும், துடுப்புப் பழக்கம் இல்லாதவர்களும் சமாளிக்கலாம்.