எல்.கே.ஜி. குழந்தையை தினமும் நேரத்துக்குப் பள்ளியில் சேர்ப்பது எப்படி? வடசென்னைப் பெற்றோருக்கான செய்முறை

"சின்னப் பிள்ளைதானே, கால் மணி நேரம் லேட்டானா என்ன?" என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 200 பள்ளி நாள் என்றால், தினம் 15 நிமிடத் தாமதம் 50 மணி நேரம் ஆகிவிடும். மூன்று மணி நேரமே நடக்கும் நர்சரியில் அது 16 நாளுக்கும் மேல். மாதம் இரண்டு நாள் லீவு போட்டால், பத்து மாதத்தில் 20 நாள் போயிருக்கும்.

நேரம் போவதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. முதல் 15 நிமிடத்தில்தான் பாட்டு, பிரேயர், யார் யார் பக்கத்தில் உட்காருவது என்பதெல்லாம் நடக்கிறது. அதற்குப் பிறகு வரும் குழந்தை, எல்லோரும் திரும்பிப் பார்க்க, நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு நடுவே நுழைகிறது. வாசலில் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு அழும் பிள்ளைகளில் பலருக்குப் பள்ளி பிடிக்காமல் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று புரியாததுதான் காரணம்.

1. மணியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

பள்ளி 9 மணி என்றால் கேட்டில் நிற்க வேண்டியது 8.50. பயணம் 20 நிமிடம், வழியில் மாட்டிக்கொண்டால் சமாளிக்க 10 நிமிடம். ஆக, வீட்டை விட்டு 8.20-க்கு இறங்க வேண்டும். எழுந்திருப்பது 7. பல் தேய்த்துக் குளிக்க 7.35 வரை, டிபன் 8 வரை, கக்கூஸ் 8.10 வரை, யூனிஃபார்ம், ஷூ 8.20 வரை. இதை எழுதி, சுவரில் கடிகாரத்துக்குக் கீழே ஒட்டுங்கள். மணி பார்க்கத் தெரியாத பிள்ளையை "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டிப் பயனில்லை. நேரம் பார்ப்பது பெரியவர்கள் வேலை.

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் யூனிஃபார்ம் போட்டுவிட்டு இட்லி ஊட்டினால் சாம்பார் சட்டையில் கொட்டும், மறுபடி மாற்ற வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், ஷூ லேஸ் கட்டும் நேரத்தில் "அம்மா, ஆய் வருது" என்பது. வயிற்றில் உணவு விழுந்ததும் குடல் அசையத் தொடங்குவது உடம்பின் இயல்பு. அதனால் டிபன் முடிந்த கையோடு, வருகிறதோ இல்லையோ, ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். தினமும் அதே நேரத்துக்கு உட்கார்ந்தால் கொஞ்ச நாளில் பழகிவிடும். பொதுக் கக்கூஸ் உள்ள லைன் வீடுகளில் எட்டு மணிக்குக் கூட்டம் இருக்கும். உங்கள் அட்டவணையை முழுசாக 15 நிமிடம் முன்னே தள்ளிவையுங்கள்.

2. இரவே பாதி வேலையை முடியுங்கள்

மூன்று, நான்கு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் தேவை. 7 மணிக்கு எழ வேண்டிய பிள்ளை 8.30-க்குப் படுக்க வேண்டும். வீட்டில் சீரியல் ஓடினால் இது நடக்காது; அந்த நேரத்துக்கு டி.வி.யையும் செல்போனையும் அணையுங்கள். மதியத் தூக்கம் நாலு மணிக்கு மேல் நீண்டால் ராத்திரி பத்தானாலும் கண் மூடாது.

பை, ஐ.டி. கார்டு, சாக்ஸ், ரிப்பன், கழுவிய வாட்டர் பாட்டில் எல்லாவற்றையும் வாசல் பக்கம் ஒரே இடத்தில் வையுங்கள். குழந்தை குளிக்க ஒரு பக்கெட் தண்ணீரைத் தனியாக மூடி வையுங்கள். காலையில் அடிபம்பிலோ லாரி தண்ணீருக்கோ நீங்கள் வரிசையில் நிற்க நேர்ந்தாலும் குளியல் தள்ளிப்போகாது.

3. வழி

கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில்வே கேட்டைத் தாண்டுபவர்களும், எண்ணூர், மணலி சாலைகளில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வருபவர்களும் 10 நிமிடத்துக்குப் பதில் 20 நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்கு மாற்று வழி ஒன்றை இப்போதே நடந்து பாருங்கள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தண்ணீர் தேங்கினால் அப்போது வழி தேட நேரம் இருக்காது. அப்பா விடியற்காலையில் காசிமேட்டுக்கு வேலைக்குப் போகிறவர் என்றால், கொண்டுவிட ஒருவர், அவருக்கு முடியாத நாளுக்கு இன்னொருவர் என்று முடிவு செய்து, இருவர் பெயரையும் மிஸ்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

4. வாசலில் ஒரு நிமிடம் போதும்

முத்தம், டாட்டா, கிளம்புங்கள். அழுகிறதே என்று ஜன்னலோரம் நின்றால் அழுகை நீளும். கண்ணில் படாமல் நழுவினாலோ, மறுநாள் கையையே விடாது. "12 மணிக்கு வரேன்" என்பது அதற்குப் புரியாது. "பெல் அடிச்சதும் அம்மா கேட் பக்கத்துல நிப்பேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நில்லுங்கள்.

5. எப்போது லீவு?

காய்ச்சல் என்றால், மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்கும்வரை வீட்டில் இருக்கட்டும். பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் சில மணி நேரத்தில் மருந்தின் வேகம் குறைந்து மறுபடி சுடும். 11 மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வரும். வாந்தி, வயிற்றுப்போக்கு, மெட்ராஸ் ஐ இருந்தாலும் அனுப்பாதீர்கள். அம்மை போட்டால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு தட்டும்வரை காத்திருங்கள். காய்ச்சல் இல்லாத லேசான சளி, தலையில் பேன் இதற்கெல்லாம் லீவு வேண்டாம். பேனுக்கு அன்று மாலையே மருந்து போட்டுச் சீப்பால் வாரினால் போதும்.

ஆடிக் கூழ், சொந்த ஊர்த் திருவிழா என்று போனால் ஞாயிறு மாலைக்குள் திரும்புங்கள். இரவு பஸ்ஸில் வந்து இறங்கும் திங்கட்கிழமைதான் அதிகம் லீவாகிறது.

6. என்ன செய்தும் தாமதமாகிவிட்டால்

"இன்னிக்கு வேணாம், நாளைக்குப் போலாம்" என்று வீட்டுக்குத் திருப்பாதீர்கள். லேட்டானால் லீவு என்று பிள்ளை கற்றுக்கொண்டால், மறுநாள் ஷூ போடவே அரை மணி நேரம் எடுக்கும். மிஸ்ஸுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டு, 9.20 ஆனாலும் கொண்டுவிடுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று வழியிலேயே சொல்லி வையுங்கள்: "பாட்டு முடிஞ்சிருக்கும், இப்போ கலர் அடிச்சிட்டு இருப்பாங்க, நீயும் போய் உட்காந்துக்கோ."