கார் கதவுக்கு சைடு பீடிங்: வீட்டிலேயே ஒட்டும் முறை

அபார்ட்மென்டில் கார் நிறுத்துகிறவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. காலையில் சாவியோடு இறங்கி வந்தால் பின்கதவில் புதிதாக ஒரு டொக்கு. பக்கத்து வண்டிக்காரர் கதவைத் திறக்கும்போது இடித்திருப்பார். கேட்டால், "நான் இல்லீங்களே சார்" என்பார். என் வேகன் ஆர் இப்படி மூன்று டொக்கு வாங்கிய பிறகுதான் நான்கு கதவுக்கும் சைடு பீடிங் வாங்கினேன். கதவின் வெளிப்பக்கம் நீளவாக்கில் ஒட்டும் பிளாஸ்டிக் பட்டை அது, பக்கத்து வண்டியின் கதவு இடித்தால் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். கடையில் ஒட்டச் சொல்லாமல் நானே ஒட்டியதற்குக் காரணம், அதற்கு முந்தின வருஷம் டோர் வைசரில் (ஜன்னலுக்கு மேலே மழைத் தடுப்பாக ஒட்டும் பட்டை) பட்ட அடி.

அது ஒரு மே மாத மத்தியானம். "பத்து நிமிஷம் நில்லுங்கண்ணா, ஒட்டிக் குடுத்துடறேன்" என்றான் கடைப் பையன். ஈரத் துணியால் ஒரு துடை, டேப்பை உரித்து ஒரு அமுக்கு, அவ்வளவுதான். மூன்றாவது வாரம் மதுராந்தகம் ஏரிக்கரையைத் தாண்டும்போது பட்டென்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் கறுப்பாக ஏதோ புரண்டு புரண்டு பின்னால் போகிறது. நல்லவேளை, பின்னால் பைக் எதுவும் வரவில்லை. ஓரம் கட்டி, மிச்சமிருந்த மூன்று வைசரையும் நகத்தால் நெம்பிப் பார்த்தேன். அப்பளம் போலக் கையோடு வந்தன. டேப்பின் முகத்தில் மாவு தடவியது போலத் தூசி. கதவில் பசையின் தடமே இல்லை. டேப் தரமானதுதான், ஆனால் அது பெயின்டை ஒரு நாளும் பிடிக்கவே இல்லை.

இந்த வேலையின் சூட்சுமம் முழுவதும் அந்தத் தூசியில் இருக்கிறது. ஒட்டுவது பத்து நிமிஷம். அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம், பின்னால் மூன்று நாள். இந்தக் கணக்குக்கு ஒத்துக்கொண்டால் மேலே படியுங்கள்.

என்னென்ன வேண்டும்

பீடிங் செட். சென்னையில் ஜி.பி. ரோட்டுக்குப் போனால் எல்லா மாடலுக்கும் கிடைக்கும். 'சைடு பீடிங்' என்றே கேளுங்கள். வெறும் 'பீடிங்' என்றால் கதவைச் சுற்றி வரும் ரப்பரை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் மாடலுக்கென்று வளைவு கொடுத்துச் செய்ததையே வாங்குங்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சுருட்டி விற்கிற பட்டை, வளைவு வந்த இடத்தில் நிமிர்ந்துகொள்ளும். க்ரோமா கறுப்பா என்பது உங்கள் ரசனை. என்னைக் கேட்டால் கறுப்பு. க்ரோம் பூச்சில் கீறல் விழுந்தால் மறைக்க வழியில்லை.

கடைக்காரர் கூடவே பம்பருக்கு முன்னால் போடும் இரும்பு கார்டையும் தலையில் கட்டப் பார்ப்பார். வேண்டாம். அந்த க்ராஷ் கார்டுகள்மேல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி நடவடிக்கை எடுக்கச் சொல்லி, 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது.

பீடிங்கின் பின்பக்கம் சிவப்புத் தாள் போட்ட டபுள் டேப் ஏற்கெனவே ஒட்டியிருக்கும். அதைக் கவனித்து வாங்குங்கள். சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில், அழுத்தினால் மெதுவாக அமுங்கி மெதுவாக மேலே வருவது அக்ரிலிக் ஃபோம் டேப். த்ரீஎம் நிறுவனம் 1980-இல் வி.ஹெச்.பி. என்ற பெயரில் கொண்டுவந்த வகை இது. வெள்ளையாக, ஸ்பாஞ்ச் போல உடனே எழும்பி வருவது சுவரில் காலண்டர் மாட்டத்தான் லாயக்கு. செட்டில் அந்த வெள்ளை டேப் இருந்தால் பிய்த்துப் போட்டுவிட்டு, 12 மி.மீ. அகல ஃபோம் டேப் தனியாக வாங்கி ஒட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஐ.பி.ஏ. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் என்பதுதான் முழுப்பெயர். ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ, செல்போன் சர்வீஸ் சாமான் விற்கும் கடையிலோ ஐ.பி.ஏ. என்றால் தருவார்கள். கொரோனா காலத்து சானிடைசர் வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். கை வறண்டு போகாமலிருக்க அதில் கிளிசரின் மாதிரி எதையாவது சேர்த்திருப்பார்கள். அது பெயின்டின் மேல் படலமாகத் தங்கும். தின்னரும் கூடாது. பட்டறையில் டச்சப் செய்த கதவாக இருந்தால் பெயின்டே கரைந்து துணியில் வந்துவிடும்.

இதுபோக, மாஸ்கிங் டேப், அளவு டேப், நான்கைந்து சுத்தமான மைக்ரோ ஃபைபர் துணி, தலைமுடி காய வைக்கும் ட்ரையர். மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள். எனக்கு மச்சான் வாய்த்தான்.

நேரமும் இடமும்

தகடு 21 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது இந்த டேப் நன்றாகப் பிடிக்கும். நம் ஊரில் அது காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், நிழலில். வெயிலில் நின்ற வண்டியின் தகட்டைத் தொட்டால் கை சுடும். அந்தச் சூட்டில் ஐ.பி.ஏ. ஊற்றினால், துடைக்கும் முன்பே ஆவியாகி, தான் கரைத்த பிசுக்கை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடும். மார்கழிக் காலையில் இதற்கு நேர்மாறு. தகட்டில் பனி ஈரம் இருக்கும். ட்ரையரைக் காட்டி, கை வைத்தால் இதமான சூடு தெரிகிற அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

கதவுக்குச் சமீபத்தில் பெயின்ட் அடித்திருந்தால் ஒரு மாதம் பொறுங்கள். காற்றில் காயும் பெயின்டிலிருந்து கரைப்பான் வெளியேறிக்கொண்டே இருக்கும், பசையைப் பிடிக்க விடாது.

ஒட்டாமல் வைத்துப் பார்ப்பது

நான்கு பட்டையையும் தரையில் பரப்புங்கள். உட்பக்கம் ஆர்.ஹெச்., எல்.ஹெச். என்று அச்சு இருக்கும். ஆர்.ஹெச். என்றால் டிரைவர் பக்கம். முன்கதவுக்கு உரியது பெரும்பாலும் நீளமாக இருக்கும்.

எந்த உயரத்தில் ஒட்டுவது? இதற்கு நான் செய்தது: பக்கத்து வண்டிக்காரரிடம் கேட்டு, அவர் கதவை மெதுவாகத் திறந்து என் கதவில் முட்டவிட்டுப் பார்த்தேன். (டொக்கு வைத்தவர் அவர்தான் என்பது அப்போதுதான் உறுதியானது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.) முட்டுகிற இடம் கதவில் எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அங்கேதான் வரும். பட்டையின் நடுப்பகுதி அந்தப் புடைப்பில் உட்கார வேண்டும். அதற்குக் கீழே ஒட்டினால் அழகுக்கு மட்டும்தான்.

உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள். பார்க்கிங் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகத்தான் இருக்கும். ரசமட்டமும் இதே காரணத்தால் உதவாது. கதவிலேயே ஒரு மடிப்புக் கோடு ஓடும் பாருங்கள், அதிலிருந்து கீழே அளந்து, ஒவ்வொரு கதவிலும் மூன்று இடத்தில் புள்ளி வையுங்கள். புள்ளிகளைச் சேர்த்து மாஸ்கிங் டேப்பை முன்கதவிலிருந்து பின்கதவு வரை ஒரே நீட்டாக ஒட்டுங்கள். பட்டையின் மேல்விளிம்பு இந்த டேப்பின் கீழ்விளிம்பைத் தொட்டுக்கொண்டு வரவேண்டும்.

ஒட்டியதும் பத்தடி தள்ளிப் போய்ப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும், "மச்சான், பின்னாடி தொங்குதுடா" என்று என் மச்சான் சொன்னான். போய் நின்று பார்த்தால் உண்மைதான்.  கடைசிப் பக்கம் 4 மி.மீ. ஏற்றினோம், கண் ஒத்துக்கொண்டது. இந்த விஷயத்தில் அளவு டேப்பைவிடக் கண் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது பட்டையை மாஸ்கிங் டேப்பாலேயே தற்காலிகமாகப் பிடித்து வைத்துவிட்டு, எல்லாக் கதவையும் முழுதாகத் திறந்து மூடுங்கள். புதியவர்கள் பலர் தவறவிடுகிற இடம் இது. கதவு திறக்கும்போது அதன் முன்விளிம்பு உள்ளே நகர்ந்து, முன்கதவென்றால் ஃபெண்டருக்கு (முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு) பக்கத்திலும், பின்கதவென்றால் முன்கதவுக்குப் பக்கத்திலும் போய்ச் செருகும். பட்டை விளிம்புவரை நீண்டிருந்தால் எதிரில் உள்ள பெயின்டைச் சுரண்டும். விளிம்பிலிருந்து குறைந்தது 4 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், அடியோரத்தில் ஒட்டும் க்ரோம் பட்டை வாங்கியவர்கள் அவற்றை அடைத்துவிடாதீர்கள்.

சுத்தம்

முதலில் ஷாம்பு போட்டுக் கழுவி, முழுதாக உலர விடுங்கள். வாக்ஸ் கலந்த ஷாம்பு வேண்டாம். பிறகு ஐ.பி.ஏ. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியை நனைத்து, பட்டை வரும் இடத்தை ஒரே திசையில் துடையுங்கள். ஈரம் காயும் முன்பே இன்னொரு உலர்ந்த துணியால் அதைத் துடைத்தெடுக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. என் கதவில் முதல் துணி பழுப்பாக வந்தது, இரண்டாவது லேசான சாம்பல், மூன்றாவது வெள்ளையாகவே வந்தது. இத்தனைக்கும் கழுவித் துடைத்த வண்டி. சர்வீஸ் சென்டரில் போட்ட பாலிஷ் மிச்சமும் அதிலிருந்த சிலிக்கோனும் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தவை அவை. துணி வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். அதன் பிறகு அந்த இடத்தில் விரல் படக்கூடாது.

செராமிக் கோட்டிங் (பெயின்டின் மேல் பாதுகாப்புக்காகப் பூசும் வழுவழுப்பான படலம்) போட்ட வண்டி என்றால் டேப் பிடிக்காமல் போக வாய்ப்பு அதிகம். கோட்டிங் போட்டவர்களிடமே கேட்டு, அந்த இடத்தில் மட்டும் எடுத்துவிட்டு ஒட்டுவது நல்லது.

ஒட்டுவது

சிவப்புத் தாளை முழுதாக உரித்துவிட்டுப் பட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தால் தொலைந்தது. பட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. இரு முனையிலும் 5 செ.மீ. அளவுக்கு மட்டும் தாளை உரித்து, பக்கவாட்டில் வால் போல வெளியே நீட்டிவிடுங்கள். பட்டையை மாஸ்கிங் டேப் கோட்டோடு பொருத்தி, நீங்கள் ஒரு முனையையும் துணைக்கு வந்தவர் மறுமுனையையும் லேசாக அழுத்துங்கள். கோணலாகத் தெரிந்தால் இப்போது பிரித்து மறுபடி வைக்கலாம். சரியாக இருந்தால் வாலைப் பிடித்து, தகட்டோடு ஒட்டினாற்போல மெதுவாக இழுங்கள். தாள் சர்ரென்று உருவிக்கொண்டு வரும். வெடுக்கென்று இழுத்தால் பாதியில் அறுந்து உள்ளே மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது அழுத்தம். இது தண்ணீர் காய்ந்து இறுகும் கோந்து அல்ல. அழுத்தினால்தான் பசை பெயின்டின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் பரவும். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்ற அளவில் அழுத்தம் வேண்டும். உள்ளங்கையால் தடவிக் கொடுத்தால் அது வராது. கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து அங்குலம் அங்குலமாக, ஒவ்வோரிடத்திலும் ஐந்து வினாடி அழுத்திக்கொண்டே போங்கள். நான்கு கதவு முடிவதற்குள் விரல் நோகும். நோகவில்லையென்றால் இன்னொரு சுற்று போங்கள்.

"ரெண்டு சொட்டு ஃபெவிக்விக் விட்டா இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும்ல?" என்றான் மச்சான். இல்லை. ஒரு மீட்டர் பிளாஸ்டிக் பட்டை, காலை 30 டிகிரியிலிருந்து மத்தியானம் 65 டிகிரிக்குச் சூடேறினால் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும். அடியில் இருக்கும் இரும்புத் தகடு அரை மில்லிமீட்டர்கூட நீளாது. இந்த இழுபறியை ஃபோம் டேப் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு நெளிந்து கொடுக்கும். உடனடிப் பசை இறுகிக் கண்ணாடி போல ஆகிவிடும், நெளியத் தெரியாது. ஒன்று அது வெடிக்கும், இல்லை பெயின்டை உரிக்கும். ஓட்டை போட்டு ஸ்க்ரூ முடுக்குவது அதைவிட மோசம். கடல்காற்று அடிக்கிற ஊரில் அந்த ஓட்டையிலிருந்து துரு கிளம்பும்.

மூன்று நாள்

ஒட்டி இருபது நிமிஷத்தில் டேப்பின் பிடிப்பு பாதிதான் வந்திருக்கும். 24 மணி நேரத்தில் 90 சதவீதம், முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம். முதல் நாள் வண்டியை வெளியே எடுக்காமலிருந்தால் நல்லது. மூன்று நாளைக்குக் கழுவாதீர்கள். பிரஷர் வாட்டர் அடிக்கும்போது எப்போதுமே பட்டையின் விளிம்புக்கு நேராக அடிக்க விடாதீர்கள். வாட்டர் சர்வீஸ் பையனிடம் நான் இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், அவன் ஒவ்வொரு முறையும் தலையாட்டுகிறான்.

டோர் வைசருக்கும் இதே முறைதான், இரண்டு வித்தியாசம். முன்முனை சைடு மிரரை மறைக்கிறதா என்று டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடி ஓடும் பள்ளத்துக்குள் செருகும் வகையென்றால், ஒட்டிய பின் ஒரு நாள் முழுக்கக் கண்ணாடியை ஏற்றியே வைத்திருங்கள். தானாக ஏறும் பவர் விண்டோவில், பட்டை தடிமனாக இருந்தால் கை மாட்டிக்கொண்டதாக நினைத்துக் கண்ணாடி பாதியில் இறங்கிவிடும்.

எடுக்க வேண்டி வந்தால்

ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். ட்ரையரால் இரண்டு நிமிஷம் சூடு காட்டி, மீன் பிடிக்கும் தூண்டில் நரம்பை பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே விட்டு, ரம்பம் அறுப்பது போல இரு கையாலும் மாற்றி மாற்றி இழுங்கள். பட்டை வந்துவிடும், ஃபோம் கதவிலேயே தங்கும். அதைக் கட்டைவிரலால் உருட்டினால் அழிரப்பர் துகள் போலத் திரண்டு உதிரும். நகம் வேண்டாம். கடைசிப் பிசுக்குக்கு மட்டும் ஐ.பி.ஏ.

ஒரு ஓரம் மட்டும் லேசாக எழும்பியிருந்தால் பழைய டேப்பையே அழுத்திவிட்டுப் போகாதீர்கள். இதற்குள் அதன் முகத்தில் தூசி ஏறியிருக்கும், என் வைசரில் ஏறியது போல. அந்த ஓரத்து டேப்பை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்து, துடைத்து, புதுத் துண்டு வையுங்கள்.