நிற்கும் இடம் தெரியாமல் ஸ்கிரிப்டை ஓட்டாதீர்கள்

வெள்ளவத்தையில் சனிக்கிழமைகளில் உயர்தரம் முடித்த பிள்ளைகள் சிலருக்குப் பைதன் என்ற நிரல்மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற வாரம் ஒரு மாணவி, பழைய கோப்புகளைத் தேடி அழிக்கும் ஸ்கிரிப்ட் (சிறிய நிரல்) ஒன்றை எழுதி முடித்து, என்டர் விசையில் விரலை வைத்துவிட்டாள்.

“பொறு பிள்ளை. இப்போது எந்தக் கோப்புறையில் நிற்கிறாய்?”

“டெஸ்க்டொப்பில்தானே, சேர்.”

கறுப்புத் திரையின் கடைசி வரியை வாசிக்கச் சொன்னேன். சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32 என்று இருந்தது. கட்டளைகளைத் தட்டும் அந்தத் திரையை, அதாவது கமாண்ட் ப்ரொம்ப்டை, நிர்வாகியாகத் திறந்தால் அது அங்கேதான் போய் நிற்கும். விண்டோஸ் தன் சொந்த உறுப்புகளை வைத்திருக்கும் இடம் அது. விரலை எடுத்துவிட்டாள்.

எழுத்துப் பிழை, விடுபட்ட அடைப்புக்குறி போன்றவற்றைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவற்றைக் கணினியே சுட்டிக்காட்டிவிடும். வாய் திறக்காமல் கெடுதல் செய்யும் தவறுகள் வேறு.

ஸ்கிரிப்ட் இருக்கும் இடமும் நீங்கள் நிற்கும் இடமும்

பத்து ஆண்டுகளுக்கு முன் பம்பலப்பிட்டியில் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்தேன். ஸ்கேன் செய்த படங்கள் குவிந்துகொண்டே இருந்ததால், முப்பது நாளுக்கு மேற்பட்டவற்றை அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எந்தக் கோப்புறை என்பதற்கு ஒரு புள்ளி மட்டும் வைத்தேன். புள்ளி என்றால் ‘இந்த இடம்’. ஸ்கேன் கோப்புறையில் நின்று சோதித்தேன், சரியாக ஓடியது. மறுநாள் ஒரு பழைய பில்லைப் பார்ப்பதற்காகக் கணக்குக் கோப்புறைக்குள் போயிருந்தேன். அங்கே நின்றபடியே ஸ்கிரிப்டை ஓட்டினேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. முந்தைய ஆண்டின் பில்கள் அத்தனையும் போயின. பைதன் அழிக்கும் கோப்பு குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை, நேரே மறைந்துவிடும். பிரதி எடுத்தும் வைக்கவில்லை. கணக்குப் பிரிவு அக்கா, ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டுக் காகிதச் சீட்டுகளைப் புரட்டி இரண்டு வாரம் திரும்பத் தட்டச்சு செய்தார். அந்தப் பஞ்சை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

காலி வீதியில் நின்று “இடதுபுறம் திரும்புங்கள்” என்று சொன்னால், கோட்டையை நோக்கி நிற்பவர் கடற்கரைக்குப் போவார். தெஹிவளையை நோக்கி நிற்பவர் ஹவ்லொக் வீதிப் பக்கம் போவார். நிற்கும் இடத்தை வைத்துக் கோப்பைக் குறிக்கும் சார்புப் பாதையும் அப்படித்தான். ஸ்கிரிப்ட் எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை, டெர்மினல், அதாவது கட்டளை தட்டும் திரை, எங்கே நிற்கிறது என்பதைத்தான் பார்க்கிறது.

இந்தத் தவறு இவ்வளவு காலம் ஒளிந்திருப்பதற்குக் காரணம் உண்டு. விண்டோஸில் ஸ்கிரிப்டை இரட்டைச் சொடுக்கினால் அது தன் சொந்தக் கோப்புறையிலேயே ஓடும். நிரல் எழுதும் விஎஸ் கோட் வழக்கமாக நீங்கள் திறந்துவைத்த திட்டக் கோப்புறையில் ஓட்டும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் லினக்ஸின் கிரொன் உங்கள் ஹோம் கோப்புறையில் ஓட்டும். ஒரே ஸ்கிரிப்ட், மூன்று இடங்கள். போதாததற்கு, மொடியூலை, அதாவது வேறொரு பைதன் கோப்பை, உள்ளே கொண்டுவரும் இம்போர்ட் கட்டளை ஸ்கிரிப்டின் பக்கத்திலேயே தேடும். தரவுக் கோப்பைத் திறக்கும் ஓபன் மட்டும் நீங்கள் நிற்கும் இடத்தில் தேடும். பக்கத்தில் இருக்கும் மொடியூல் கிடைக்கிறது, அதே இடத்தில் இருக்கும் தரவுக் கோப்பு கிடைக்கவில்லை. குழம்பாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. “சிடி (cd, கோப்புறை மாற்றும் கட்டளை) செய்துவிட்டு ஓட்டுங்கள்” என்று ஒரே வரியில் கடந்துபோகும் பாடங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஓட்டுவதற்கு முன் நிற்கும் இடத்தைக் கேளுங்கள். கமாண்ட் ப்ரொம்ப்டில் சிடி என்று மட்டும் அடித்தால் போதும். பவர்ஷெல், லினக்ஸ், மக் மூன்றிலும் பிடபிள்யூடி (pwd). ஸ்கிரிப்டுக்குள் பாதையை அதன் சொந்த இருப்பிடத்திலிருந்து கட்டுங்கள். 2014இல் பைதன் 3.4உடன் வந்த பாத்லிப் (pathlib) என்ற மொடியூல் இதை ஒரு வரியில் செய்துவிடும். அழிக்கும் ஸ்கிரிப்ட் என்றால் முதல் முறை அழிக்க விடாதீர்கள். அழிக்கப்போகும் கோப்புகளின் முழுப் பாதையையும் திரையில் அச்சிடச் செய்து, கண்ணால் வாசியுங்கள்.

ஒற்றை அம்பு

கட்டளையில் வெளியீட்டைக் கோப்பில் சேமிக்கும் ஒற்றை அம்புக்குறி (>), ஸ்கிரிப்ட் தொடங்குவதற்கு முன்பே அந்தக் கோப்பைக் காலியாக்கிவிடும். வாசிக்கும் கோப்பின் பெயரையே வெளியீட்டுக்கும் கொடுத்தால், வாசிக்க எதுவும் மிஞ்சாது. வேறு பெயர் கொடுங்கள்.

மூன்று அம்புகள்

திரையில் வரியின் தொடக்கத்தில் >>> தெரிந்தால் நீங்கள் பைதனுக்குள் நிற்கிறீர்கள். வெளியே வந்து ஓட்டுங்கள்.

கோப்பின் வால்

விண்டோஸ் கோப்பு நீட்சியை, அதாவது பெயரின் கடைசியில் .py, .txt என்று வரும் பகுதியை, மறைத்துவைக்கும். நோட்பாடில் சேமித்த கோப்பின் பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி (.txt) ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

“அனுமதி இல்லை” என்றால் நிர்வாகியாக ஓட்டுவது

வேண்டாம். அந்தக் கோப்பு யாருடையது என்று முதலில் பாருங்கள்.