பெரு பயணம்: இன்காக்களின் கற்களையும் ஸ்பானிய நகரங்களையும் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பெரு சுற்றுலா விளம்பரம் எதை எடுத்தாலும் முகப்பில், ஸ்பானியர் வருமுன் அந்த நாட்டை ஆண்ட இன்காக்கள் மலைமேல் கட்டிய மாச்சு பிச்சு நகரத்தின் படம்தான் இருக்கும். அந்த ஒரு படத்தை நம்பிப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். மற்ற நாட்களில் எங்கே கூட்டிப்போகிறார்கள், எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர் என்று பலரும் பார்ப்பதில்லை. வழிகாட்டியோடு போகும் குழுப் பயணம்தானே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு. ஆனால் பெருவில் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் புறப்படுவதற்கு முன்பே, நிகழ்ச்சி நிரல் தாளிலேயே.

முதல் தவறு ஊர்களின் வரிசை. லிமா கடலோர நகரம். அங்கே விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் குஸ்கோவில் இறங்கிவிடலாம். குஸ்கோவின் உயரம் கிட்டத்தட்ட 3,400 மீட்டர். கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே இருக்கும். காலையில் லிமா, மதியம் குஸ்கோ, சாயங்காலமே நடந்து ஊர் சுற்றுவது என்று நிரலில் போட்டிருந்தால் அதை வகுத்தவர் மேசையை விட்டு எழுந்ததில்லை என்று பொருள். இறங்கிய அன்று பலருக்கு ஒன்றும் தெரியாது. ராத்திரிதான் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் ஆரம்பிக்கும். மறுநாள் பார்க்க வேண்டிய இடமெல்லாம் ஓட்டல் அறையோடு முடிந்துவிடும்.

இதற்கு நல்ல வழி, குஸ்கோ விமான நிலையத்திலிருந்து நேரே கீழே இறங்கிப் புனிதப் பள்ளத்தாக்குக்குப் போய்விடுவது. உருபம்பா 2,870 மீட்டர், ஒயாந்தய்தம்போ 2,790 மீட்டர். அங்கே இரண்டு இரவு தங்கி, அப்புறம் 2,430 மீட்டரில் இருக்கும் மாச்சு பிச்சு பார்த்து, கடைசியில் குஸ்கோவுக்கு ஏறினால் உடம்பு ஓரளவு பழகியிருக்கும். இன்னொரு வழி, லிமாவிலிருந்து முதலில் 2,335 மீட்டரில் உள்ள அரெகிப்பாவுக்குப் போவது. அதில் ஒரு சிக்கல் உண்டு. காண்டோர் கழுகு பார்க்கக் கோல்கா பள்ளத்தாக்குக்கு அழைத்துப்போனால், சாலை வழியில் 4,900 மீட்டரைத் தாண்டும். அரெகிப்பாவில் இறங்கிய மறுநாளே அதைச் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். திதிகாகா ஏரிக்கரையிலுள்ள புனோ நகரம் குஸ்கோவைவிடவும் உயரம், 3,800 மீட்டருக்கு மேல். அதை நிரலின் பிற்பகுதிக்குத் தள்ளியிருக்கிறார்களா என்று பாருங்கள். ‘வானவில் மலை’ என்று இப்போது எல்லோரும் படம் போடும் வினிகுன்கா 5,000 மீட்டருக்கு மேல். ஒரு வார விருந்தாளிக்கு அது தேவையே இல்லை என்பது என் கட்சி.

கோகா இலைத் தேநீர் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். சூடாக, இதமாக இருக்கும், குடிக்கலாம். மலைநோய்க்கு அதுவே மருந்து என்று நம்பி இருந்துவிடக் கூடாது. மலைநோயைத் தடுக்கக் கொடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றிப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள், இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். முதல் இரண்டு இரவுகளில் பிஸ்கோ சவர் என்ற உள்ளூர் மதுபானம் வேண்டாம், தூக்க மாத்திரையும் வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, தள்ளாட்டம், குழப்பமான பேச்சு இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவ உதவி தேடி, தாழ்வான இடத்துக்கு இறங்கிவிட வேண்டும். குழுவின் நிரல் கெடுமே என்று கூச்சப்பட்டுச் சும்மா இருப்பதுதான் இதில் மோசமான தவறு.

அடுத்தது மாச்சு பிச்சு நுழைவுச்சீட்டு. ‘மாச்சு பிச்சு நுழைவு உட்பட’ என்று நிறுவனம் எழுதிக்கொடுத்தால் போதும் என்று நினைக்கிறோம். இப்போது அந்த இடம் மூன்று சுற்றுப் பாதைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் சுற்று மேல்தளத்தோடு நின்றுவிடும். எல்லோரும் பார்த்திருக்கும் அந்தப் படம் கிடைக்கும், நகரத்துக்குள் நடக்க முடியாது. மூன்றாவது சுற்று கீழ்ப்பகுதியோடு முடியும். கட்டடங்களைக் கிட்டத்தில் பார்க்கலாம், அந்தப் படம் கிடைக்காது. இரண்டும் சேர்ந்து வருவது இரண்டாம் சுற்றில்தான், அதனால்தான் அது முதலில் விற்றுத் தீரும். முன்பணம் கட்டும் முன்பே சுற்று எண்ணை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதை ஒருவழி, திரும்பி நடக்க முடியாது. வெளியே வந்தால் மறுபடி உள்ளே விட மாட்டார்கள். கழிப்பறையோ வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது. இதை முன்கூட்டிச் சொல்லாத வழிகாட்டியிடம் வேறு எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

நுழைவுச்சீட்டிலும் ரயில் சீட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு இங்கேதான் வம்பு. இனிஷியலோடு ஒரு இடத்தில், அப்பா பெயரை விரித்து இன்னொரு இடத்தில் என்று நாம் எழுதிப் பழகியிருக்கிறோம். பதிவுப் படிவத்தில் நாமே பூர்த்தி செய்து, சீட்டு வந்ததும் ஒரு தடவை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது நல்லது. அசல் பாஸ்போர்ட்டை ஓட்டல் பெட்டகத்தில் வைத்துவிட்டுக் கிளம்பவும் கூடாது.

மாச்சு பிச்சுவை குஸ்கோவிலிருந்து ஒரே நாளில் போய் வருவதும் நல்ல யோசனை இல்லை. குஸ்கோவிலிருந்து ஒயாந்தய்தம்போவுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் சாலை, அங்கிருந்து மாச்சு பிச்சு மலையடிவாரத்திலுள்ள அகுவாஸ் கலியென்டெஸ் ஊர் வரை கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ரயில், அப்புறம் மலையேறும் பேருந்து. விடியுமுன் எழுந்து, நள்ளிரவுக்குப் பக்கத்தில் திரும்பி, நடுவில் இரண்டரை மணி நேரம் பார்ப்பதற்கா பாதி உலகம் பறந்தோம்? ஒயாந்தய்தம்போவிலோ மலையடிவாரத்திலோ ஓர் இரவு தங்குவதாக நிரலை மாற்றச் சொல்லுங்கள். ஒயாந்தய்தம்போவை வெறும் ரயில் நிலையமாகக் கடந்துபோவதும் பெரிய இழப்பு. இன்காக்கள் வகுத்த தெருக்களிலும் வாய்க்கால்களிலும் மக்கள் இன்றைக்கும் குடியிருக்கும் ஊர் அது. ஊருக்கு மேலே உள்ள படிக்கட்டு மதில்களில்தான் ஸ்பானியரை எதிர்த்துக் கிளர்ந்த அரசர் மான்கோ இன்காவின் படை 1537-ல் ஸ்பானியத் தளபதி எர்னாந்தோ பிசாரோவின் குதிரைப்படையை விரட்டியடித்தது.

இனி, எனக்கு மிகவும் உறுத்தும் தவறுக்கு வருகிறேன். பல நிரல்களில் ‘காலை: இன்கா இடிபாடுகள், மாலை: ஸ்பானிய நகரம்’ என்று இரண்டாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். குஸ்கோவில் அப்படிப் பிரிக்கவே முடியாது. 1533 நவம்பரில் எர்னாந்தோவின் அண்ணன் பிரான்சிஸ்கோ பிசாரோவின் ஆட்கள் இந்த இன்கா தலைநகருக்குள் நுழைந்த பிறகு, அரண்மனைகளின் மேல்பகுதியை இடித்து, கீழ்ச்சுவரை அப்படியே அடித்தளமாக வைத்துக்கொண்டு மாளிகைகளையும் கோயில்களையும் எழுப்பினார்கள். பேராலயம் நிற்பது விராகோச்சா இன்கா என்ற அரசரின் அரண்மனை இருந்த இடத்தில். அதற்கான கற்களில் பலவற்றை ஊருக்கு மேலே உள்ள சக்சய்வாமன் என்ற இன்காக் கோட்டையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தார்கள். சக்சய்வாமனில் இன்று நாம் வாய் பிளந்து பார்க்கும் பெரும்பாறைகள், அவர்களால் நகர்த்த முடியாமல் மிஞ்சியவை. இரண்டையும் ஒரே நாளில், மேலே பார்த்த பிறகு கீழே வந்து பேராலயச் சுவரைப் பார்த்தால்தான் கணக்கு புரியும்.

கொரிகாஞ்சாவில் இது இன்னும் துலக்கம். பொற்தகடு வேய்ந்த சூரியக் கோயிலின் மேல் சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1650-ல் ஒரு பெரிய நிலநடுக்கம், 1950 மே மாதத்தில் இன்னொன்று. 1950-ல் மடத்தின் கட்டடம் பெயர்ந்து விழ, அதற்குள் மறைந்திருந்த இன்காச் சுவர்கள் அசையாமல் வெளியே தெரிந்தன. சுவர்கள் உள்நோக்கிச் சற்றே சாய்ந்திருப்பது, வாசல்கள் மேலே குறுகி ஒடுங்குவது, கற்கள் சாந்து இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துவது எல்லாம் நில அதிர்வைத் தாங்கும் உத்திகள். இங்கே வழிகாட்டி பத்து நிமிடத்தில் கிளப்பப் பார்த்தால் கிளம்பாதீர்கள்.

பேராலயத்துக்குள் மார்கோஸ் சபாதா 18-ஆம் நூற்றாண்டில் வரைந்த கடைசி இராவுணவு ஓவியம் இருக்கிறது. இயேசுவின் முன்னால் தட்டில் வறுத்த கினிப்பன்றி மல்லாந்து கிடக்கும். குழு அங்கே சிரித்துவிட்டு நகர்ந்துவிடும். அதோடு நின்றுவிடாமல் குஸ்கோ பாணி ஓவியங்களை நிதானமாகப் பாருங்கள். ஸ்பானியப் பிரபுக்களின் உடையில், கையில் துப்பாக்கியோடு நிற்கும் தேவதூதர்கள். மலை வடிவத்தில் விரிந்த அங்கியோடு கன்னி மேரி. வரையச் சொன்னது திருச்சபை, வரைந்தவர்களில் பலர் உள்ளூர்க்காரர்கள். ஜூனை ஒட்டி வரும் கோர்புஸ் கிறிஸ்தி என்ற கத்தோலிக்க விழாவில் பதினைந்து திருவுருவங்களைத் தோளில் சுமந்து பேராலயத்துக்குக் கொண்டுவருவார்கள். முன்பு அதே சதுக்கத்துக்கு இறந்துபோன இன்கா அரசர்களின் பதப்படுத்திய உடல்களைத் திருவிழாவுக்குத் தூக்கிவந்தார்கள். அந்த வாரத்தில் போக வாய்த்தால் விடாதீர்கள். ஜூன் 24-ல் நடக்கும் இன்டி ராய்மி என்ற இன்காச் சூரிய விழாதான் அதிகம் விளம்பரமாவது. அது 1944-ல் புதுப்பித்து நடத்தத் தொடங்கிய நாடக வடிவம் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் ஏமாற்றம் இருக்காது. ஓட்டல் வாடகை மட்டும் ஏமாற்றும்.

‘எல்லா நுழைவுக் கட்டணமும் உட்பட’ என்ற வரியையும் கிளறிப் பாருங்கள். குஸ்கோவின் பொதுச் சுற்றுலாச் சீட்டு பத்து நாள் செல்லும். சக்சய்வாமன், பிசாக், ஒயாந்தய்தம்போ, சின்ச்சேரோ, மோராய் எல்லாம் அதில் அடங்கும். பேராலயமும் கொரிகாஞ்சா கோயிலும் மாராஸ் உப்பளமும் அதில் வராது. ஸ்பானியக் காலத்தையும் பார்க்கப் போகிற ஒருவருக்கு அந்த முதல் இரண்டும் இல்லாத தொகுப்பு அரைத் தொகுப்புதான்.

அரெகிப்பாவை வெட்டிவிட்டால் ஒரு நாள் மிச்சம் என்று சில நிறுவனங்கள் சொல்லும். வெட்டாதீர்கள். வெள்ளை எரிமலைக் கல்லால் கட்டிய நகரம் அது. 1579-ல் தொடங்கிய சாந்தா கதலினா மடம் ஊருக்குள் இன்னொரு ஊர். தெருக்களும் சமையலறைகளும் நீலமும் செம்மண் நிறமும் பூசிய சுவர்களுமாக, 1970 வரை வெளியாட்கள் நுழைய முடியாமல் பூட்டிக் கிடந்தது. லிமாவையும் விமானம் மாறும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். பிரான்சிஸ்கோ பிசாரோ 1535-ல் நிறுவிய நகரம் அது. அவருடைய எலும்புகள் பேராலயத்தில் இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோ மடத்தின் நிலவறை எலும்புக்கூடங்களுக்கு அரை நாள் ஒதுக்கலாம்.

பழைய கல்லெல்லாம் இன்காவினுடையது என்று நினைப்பதும் உண்டு. பச்சாகுதி என்ற அரசர் காலத்தில் பேரரசாக விரிந்தது முதல் ஸ்பானியர் வருகை வரை எண்ணினால் இன்கா ஆட்சி சுமார் நூறு ஆண்டுதான். பாலைநிலத்தில் பெரும் உருவங்களாகக் கீறிய நாஸ்கா கோடுகளும் சான் சான் என்ற மண் நகரமும் அவர்களுக்கு முந்தைய மக்களுடையவை.

சாப்பாடு விஷயத்தில் சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘கார்னே’ (இறைச்சி) வேண்டாம் என்று சொன்னால் கோழி வரும், ஏனென்றால் அவர்கள் பேச்சில் கோழி அந்த வகையில் சேர்த்தி இல்லை. ‘நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ’ (இறைச்சியோ கோழியோ மீனோ சாப்பிட மாட்டேன்) என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். காய்கறிச் சூப்பிலும் எலும்புச் சாறு இருக்கக்கூடும். அதற்காக ஊர் ஊராக இந்திய உணவகம் தேடி மதியத்தைத் தொலைப்பது வீண். உருளைக்கிழங்கு பிறந்த நாடு அது. மஞ்சள் மிளகாயும் பாலாடைக்கட்டியும் அரைத்து ஊற்றிய வான்காயினா உருளைக்கிழங்கு, அரெகிப்பாவின் சோல்தெரித்தோ கலவை, கினுவா, பெரிய மணிச் சோளம் என்று தாராளமாகச் சாப்பிடலாம். முட்டையும் வேண்டாம் என்றால் அதையும் தனியாகச் சொல்ல வேண்டும்.

மழை நவம்பர் முதல் மார்ச் வரை, ஜனவரியும் பிப்ரவரியும் உச்சம். பிப்ரவரியில் மாச்சு பிச்சுவுக்கு மலைவழியே நடந்துபோகும் இன்கா நடைபாதையை மூடிவிடுவார்கள். ஜூன், ஜூலையில் பகல் வெயில் சுடும், ராத்திரி குஸ்கோவில் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் போகும். லேசாகக் கிழிந்த டாலர் நோட்டைக்கூட வாங்க மாட்டார்கள்.

சர்வதேச விமானத்துக்கு முந்தைய நாள் குஸ்கோவில் இருப்பதாக நிரல் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். போராட்டக்காரர்கள் ரயிலையும் சாலையையும் மறிப்பது அங்கே அபூர்வமில்லை. 2022 டிசம்பரில் பயணிகள் மலையடிவாரத்தில் மாட்டிக்கொண்டார்கள், 2023 தொடக்கத்தில் மாச்சு பிச்சுவே சில வாரம் மூடிக் கிடந்தது. கடைசி இரவு லிமாவில் இருப்பதே நிம்மதி.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசாவை விசாரிக்கும்போது, அமெரிக்க அல்லது ஷெங்கன் விசா ஏற்கெனவே இருந்தால் பெரு விசா தேவைப்படாமல் போகலாம் என்பதையும், அமெரிக்கா வழியாக விமானம் மாறினால் அதற்கே தனி விசா வேண்டும் என்பதையும் சேர்த்து விசாரியுங்கள். திரும்பும்போது கோகா இலையையோ அதன் தேநீர்ப் பையையோ ஞாபகார்த்தமாகக் கொண்டுவரக் கூடாது. இங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். இதைவிட அதிகம் பேர் மறப்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை. குஸ்கோவுக்கு அது தேவையில்லை என்று அங்கே சொல்வார்கள், சரிதான். ஆனால் இந்தியா பெருவை மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள், சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். அறுபது வயது தாண்டியவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த மஞ்சள் அட்டையைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிடாதீர்கள். சுகாதார மேசையில் அதைக் கேட்பது பெட்டி கைக்கு வருவதற்கு முன்னால்.