ஏத்தன் வாழையும் மட்டி வாழையும் ஒரே ஸ்லைடில்: ஜீனோம் செமினாருக்குத் தயாராவது எப்படி

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் ஜீனோம் (ஓர் உயிரின் முழு டி.என்.ஏ.) செமினார் என்றால் தாவரவியல், விலங்கியல் மாணவர்களோடு கணினித் துறையினரும் வந்து உட்காருவார்கள். முன்னவர்களுக்கு பைத்தான் நிரல்மொழி புதிது, பின்னவர்களுக்கு குரோமோசோம் பள்ளிக்கூடத்தோடு போயிற்று. இரு தரப்புக்கும் பிடிபடுவது தரவு எங்கிருந்து, எப்படி வந்தது என்பதுதான். 45 நிமிடம் கிடைத்தால் 30 பேச்சுக்கு, 15 கேள்விக்கு. அந்த முப்பதில் எட்டு நிமிடத்தைத் தரவுக்கே கொடுங்கள். மென்பொருள் பட்டியலுக்கு அரை நிமிடமே தாராளம்.

நம்மூர் வாழையையே எடுத்துக்கொள்வோம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி, ஏஏ வகை: இரண்டு குரோமோசோம் தொகுதி (இரண்டும் ஏ), மொத்தம் 22 குரோமோசோம். ஏத்தன் (நேந்திரன்) ஏஏபி: மூன்று தொகுதி (இரண்டு ஏ, ஒரு பி), 33 குரோமோசோம். 2012-இல் வெளியான வாழை ரெஃபரன்ஸ் (ஒப்பிட வைத்துக்கொள்ளும் ஜீனோம்) ஏ தொகுதியின் மூலமான மூசா அக்குமினாட்டாவுடையது. அதில் ஏ மட்டுமே உண்டு. ஏத்தனின் ரீட்களை (இயந்திரம் படித்துத் தரும் டி.என்.ஏ. துண்டுகளை) அதன்மேல் பொருத்தினால் பி தொகுதியின் ரீட்களில் ஒரு பங்கு பொருந்தாமல் உதிரும், மீதி ஏ-யின் மேலேயே போய் ஒட்டும். ஒட்டியவை இடத்துக்கு இடம் வேறுபாடாகத் தெரியும். 'ஏத்தனில் மரபு வேறுபாடு மிக அதிகம்' என்று ஸ்லைடில் ஏறிவிடும் வரி பல நேரம் இப்படித்தான் பிறக்கிறது. 2019-இல் வந்த, பி தொகுதியின் மூலமான மூசா பால்பிசியானா ஜீனோமையும் சேர்த்து, இரண்டின்மேலும் ஒருசேரப் பொருத்துங்கள்.

ஏ ரெஃபரன்ஸ் மட்டும் வைத்து வேரியன்ட் (ரெஃபரன்ஸிலிருந்து மாறுபடும் இடங்கள்) தேடுவதானால் ஏத்தனுக்குத் தொகுதி எண்ணிக்கை 3 என்று கொடுக்க வேண்டும். ஜி.ஏ.டி.கே. போன்ற வேரியன்ட் தேடும் மென்பொருள்கள், நாம் சொல்லாவிட்டால் 2 என்றே எடுத்துக்கொள்ளும்.

தொகுதி எண்ணிக்கையைக் காட்ட ஒரு ஹிஸ்டோகிராம் (எது எத்தனை முறை வருகிறது என்று காட்டும் பட்டை வரைபடம்) போதும். ரெஃபரன்ஸிலிருந்து மாறுபடும் டி.என்.ஏ. எழுத்தைக் காட்டும் ரீட்களின் பங்கு கிடை அச்சில். முழுக்க ஒரே எழுத்தாக உள்ள இடங்களை நீக்கிவிடுங்கள். மட்டியில் மேடு 0.5-இல் எழும். ஏத்தனில் 0.33, 0.67 என இரண்டு மேடுகள். ஏத்தன் என்று எழுதிய குழாயில் 0.5-இல் ஒற்றை மேடு வந்தால் முதலில் மாதிரி மாறிவிட்டதா என்று பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் 30 ரீட்களாவது இல்லையென்றால் மேடுகள் கலந்துபோகும்.

பி.சி.ஏ. படத்தில் (மாதிரிகளின் ஒற்றுமை வேற்றுமையைப் புள்ளிகளாகக் காட்டும் படம்) ஒவ்வொரு அச்சும் எவ்வளவு வேறுபாட்டைக் காட்டுகிறது என்ற சதவீதத்தை எழுதாமல் விடாதீர்கள். அதே படத்தை வகைவாரியாக ஒருமுறை, சீக்வென்சிங் (டி.என்.ஏ. எழுத்துகளைப் படிப்பது) செய்த தொகுப்புவாரியாக ஒருமுறை வண்ணமிட்டுக் காட்டுங்கள். தொகுப்புகள் தனித்தனியாகப் பிரிந்தால் நீங்கள் பார்ப்பது வாழையை அல்ல, இயந்திரம் ஓடிய நாளை.

வாழையில் 36,000-க்கு மேல் மரபணுக்கள். ஒவ்வொன்றின் செயல்பாடும் மாறியதா என்று 0.05 அளவில் சோதித்தால், எதுவுமே மாறாதபோதும் சுமார் 1,800 மரபணுக்கள் 'மாறியதாக' வரும். எஃப்.டி.ஆர். (பொய்யாக வரும் முடிவுகளின் பங்கு) திருத்திய மதிப்பை மட்டும் காட்டுங்கள்.

மரபணுப் பெயர்களை எக்செலில் திறந்து காப்பாற்ற வேண்டாம். மனித மரபணு செப்ட்2 தேதியாக மாறும் தொல்லையால் 2020-இல் அதற்கு செப்டின்2 என்று பெயரே மாற்றினார்கள். ஜீனோமில் இடங்களைக் குறிக்கும் பெட் கோப்பு 0-இலிருந்தும், வேரியன்ட்களைப் பதியும் வி.சி.எஃப். கோப்பு 1-இலிருந்தும் எண்ணும், ஓரெழுத்துப் பிசகு இங்கேதான் நுழைகிறது.

நேரலையில் கட்டளை ஓட்டிக் காட்டாதீர்கள். மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் போகும், பி.டி.எஃப். பென்டிரைவில் இருக்கட்டும். கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் மூன்று ஸ்லைடு ஒளித்து வையுங்கள்: மாதிரிவாரியாக ரீட் எண்ணிக்கை, பொருந்திய சதவீதம், கருவிகளின் பதிப்பு எண்கள். கேள்வி நேரத்தில் அவற்றைத்தான் கேட்பார்கள்.