நாள்கணக்கில் நீளும் பனிப்புயல்: உயிருக்கே உலை வைக்கும் தவறுகள்

ஒரே இரவில் ஓய்ந்துவிடும் பனிப்புயலைப் பெரும்பாலோர் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். மூன்று நான்கு நாள் விடாமல் கொட்டி, மின்சாரம் போய், பனி அகற்றும் வண்டியும் வர முடியாமல் போகும் கிராமப்புறத்தில் கதை வேறு. அங்கே பல உயிர்கள் போவது குளிரால் அல்ல, குளிரைப் போக்கச் செய்யும் காரியங்களால்.

என்னைக் கேட்டால், முதலில் பயப்பட வேண்டியது கார்பன் மோனாக்சைடுக்குத்தான். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கராஜ் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே ஜெனரேட்டரை ஓட்டுவதும், கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டிக் குளிர்காய்வதும் பலர் செய்கிற தவறு. ஜெனரேட்டர் வெளியே, வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். புகை ஜன்னல் பக்கம் வரக் கூடாது. பலருக்குத் தோன்றாத இன்னொன்றும் உண்டு. எரிவாயு ஹீட்டரின் புகைக்குழாய் பல வீடுகளில் பக்கச் சுவர் வழியாக வெளியே வருகிறது. பனி குவிந்து அதன் வாய் அடைபட்டால் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். பனி கொட்டும் நாள்களில் அதை அவ்வப்போது பார்த்து, சுற்றியுள்ள பனியைத் தள்ளிவிடுங்கள். வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் காய்ச்சலாக இருக்கும் என்று படுத்துவிடாமல் உடனே வெளிக்காற்றுக்கு வந்து உதவி கேளுங்கள்.

காரில் சிக்கினாலும் ஆபத்து இதுதான். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீ மலைப்பகுதியில் பனியில் மாட்டிய வாகனங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதலில் காரின் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். எஞ்சினை மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓட்டி, அப்போது காற்று வீசாத பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். காரைவிட்டு இறங்கி நடக்காதீர்கள். அமெரிக்க வானிலைச் சேவையின் வரையறைப்படி, மணிக்கு 56 கிலோமீட்டர் காற்றும் 400 மீட்டருக்கும் குறைவான பார்வைத் தூரமும் மூன்று மணி நேரம் நீடித்தாலே அது பனிப்புயல். உச்சத்தில் நீட்டிய கையே தெரியாது. வீட்டுக்கும் தொழுவத்துக்கும் இடையே கூட வழி தவறும். போயே ஆக வேண்டுமென்றால் கயிறு கட்டி அதைப் பிடித்தபடி போங்கள்.

கால்நடை வைத்திருப்பவர்கள் 2013 அக்டோபரில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் நடந்ததை மறக்கக் கூடாது. முதலில் மழை பெய்து மாடுகளை நனைத்தது. பிறகு பலத்த காற்றோடு பனி கொட்டியது. குளிர்கால ரோமம் இன்னும் வளரவில்லை, மந்தைகளோ ஒதுங்க இடமில்லாத கோடை மேய்ச்சல் நிலத்தில் நின்றன. பல்லாயிரம் மாடுகள் மாண்டன. எச்சரிக்கை வந்ததுமே மந்தையைக் காற்று மறைப்புள்ள இடத்துக்கு ஓட்டிவிட வேண்டும். புயல் தொடங்கியபின் அது நடக்காது. குளிருக்கென்று தானியத்தைத் திடீரென அள்ளிப் போடுவதும் தவறு, வயிற்றில் அமிலம் ஏறி மாடு படுத்துவிடும். வைக்கோல், உலர்புல்லைக் கூட்டிக் கொடுங்கள். நார்த்தீனி செரிக்கும்போது உண்டாகும் சூடு மாட்டைக் காக்கும். வேலியோரம் பனி மேடாகிக் கெட்டிப்பட்டால் மாடுகள் அதன்மேல் ஏறி வெளியே போய்விடும் என்பதையும் கவனியுங்கள்.

கிணற்றுத் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் மின்சாரம் போனால் மோட்டாரும் நிற்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். முன்பே பிடித்து வையுங்கள். தாகத்துக்குப் பனியை அப்படியே தின்றால் உடல் சூடு குறையும். உருக்கித்தான் குடிக்க வேண்டும். மது குடித்தால் கதகதப்பாகத் தோன்றும், ஆனால் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து உள்சூடு வெளியேறிவிடும். மரத்துப்போன விரல்களைத் தேய்க்காதீர்கள். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவரின் நடுக்கம் நின்று பேச்சு குழறினால், அது தேறுவதன் அறிகுறி அல்ல, நிலைமை மோசமாவதன் அறிகுறி.

புயல் விட்டதும் மண்வாரியோடு பாய்கிறவர்களுக்கு மாரடைப்பு வருவதுண்டு. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்கும் நேரத்தில் கனமான பனியைத் தூக்கி எறிவது இதயத்துக்குப் பெரும் சுமை. தூக்காமல் தள்ளுங்கள், இடையிடையே உட்காருங்கள். கூரைப் பனியை ஏணி ஏறி அகற்றாமல், நீண்ட கழி கொண்ட வாருகோலால் தரையில் நின்றபடி இழுத்துவிடுங்கள்.